ஒத்தைக்கு ஒத்தையிலிருந்து ரிங்குக்கு: அமெச்சூர் குத்துச்சண்டை ஓர் அறிமுகம்

காரைக்குடிப் பக்கம் பையன்களுக்குள் தகராறு முற்றினால் கடைசியில் ஒரு பேச்சு வந்து நிற்கும்: "ஒத்தைக்கு ஒத்தை வர்றியா?" கண்மாய்க்கரை, பள்ளி மைதானத்தின் பின்பக்கம், திருவிழா ராட்டினத்துக்கு அந்தப்புறம் இருக்கிற இருட்டு என்று இடம்தான் மாறும். கூட வந்தவன் கை வைக்கக் கூடாது, கல்லோ கட்டையோ எடுக்கக் கூடாது, இரண்டு பேர் மட்டும் மோத வேண்டும். அந்தக் கேள்விக்குள் ஒரு நியாய உணர்வு இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். அமெச்சூர் குத்துச்சண்டை என்பது அந்தப் பையன் கேட்கிற சமமான மோதலை உண்மையிலேயே நடத்திக் காட்டுவதற்காக உருவான ஏற்பாடு. இதைப் புரிந்துகொண்டால் அந்த விளையாட்டின் மற்ற எல்லா விதிகளும் தானாகப் புரியும்.

தெருவில் அந்தச் சமம் கிடைப்பதே இல்லை. ஒருவன் 55 கிலோ இருப்பான், எதிரே நிற்பவன் 72. ஒருவன் பிளஸ் ஒன் படிக்கிறவன், இன்னொருவன் நான்கு வருடமாக மூட்டை தூக்குகிறவன். முதலில் கை வைத்தவனுக்கே பாதி வெற்றி. அதனால் பேச்சு முடிவதற்குள்ளேயே கை விழும். பத்துப் பதினைந்து நொடி போனால் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள், கூட்டம் விலக்கிவிடும். யார் ஜெயித்தது என்பதில் இரண்டு தெருவுக்கும் இரண்டு கதை. தோற்றவனின் மாமன் மச்சான் மறுநாள் வண்டியில் வருவார்கள். ஒத்தைக்கு ஒத்தை என்று ஆரம்பித்தது பத்துக்குப் பத்தாகி, காவல் நிலையத்தில் போய் முடியும்.

குத்துச்சண்டையும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தில் வெறுங்கையால், ஒருவன் எழ முடியாமல் போகும்வரை அடித்துக்கொண்டார்கள். 1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள்தான் அதைத் திருப்பிப் போட்டன. மூன்று நிமிடச் சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, கையில் உறை, கட்டிப்பிடித்துத் தள்ளுவதற்குத் தடை, விழுந்தவன் எழுவதற்குப் பத்து நொடி. இன்றைய குத்துச்சண்டையின் எலும்புக்கூடு இதுதான். 1904 ஒலிம்பிக்கிலேயே குத்துச்சண்டை வந்துவிட்டது. பெண்களுக்கு 2012 லண்டன் ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் முறையிலேயே மேரி கோம் வெண்கலம் வென்றார். அதற்கு முன் 2008 பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங், பின்னால் டோக்கியோவில் லவ்லினா போர்கோஹெய்ன். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு வந்த பதக்கங்கள் இவை.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டின் பேர் சொல்லும் இடம் வடசென்னை. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று அங்கே குத்துச்சண்டைக்குத் தலைமுறைகளே உண்டு. 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற தேவராஜன் சென்னைக்காரர்தான். நம்மூரில் அப்படி ஒரு மரபு இல்லை. சிலம்பம் உண்டு, கபடி உண்டு, சிராவயல் மஞ்சுவிரட்டு உண்டு, சிவகங்கைச் சீமைக்கென்று வளரி உண்டு. உடம்பை முன்னே வைத்து ஆடுகிற தைரியம் இந்த மண்ணில் நிறையவே இருக்கிறது. குத்துச்சண்டையைப் பொறுத்தவரை அதற்கு ஒரு முறை சேர வேண்டும், அவ்வளவுதான்.

அமெச்சூர் என்றதும் அரைகுறை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பரிசுப் பணத்துக்காக ஒப்பந்தம் போட்டு ஆடுவது தொழில்முறைக் குத்துச்சண்டை. சட்டை போடாமல் 12 சுற்றுவரை போகும் ஆட்டங்கள் அந்த வகை. மாவட்டம், மாநிலம், தேசியம், ஆசியப் போட்டி, ஒலிம்பிக் என்று படி ஏறுகிற பாதை அமெச்சூர். சிவப்பு அல்லது நீலப் பனியன், மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குச் சுற்று இரண்டு நிமிடம். கேட்பதற்குக் குறைச்சலாகத் தெரியும். மூன்று நிமிடம் கையைத் தாடைக்குக் கீழே இறக்காமல் நகர்ந்துகொண்டே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

சமம் எப்படி உண்டாகிறது

முதலில் எடை. போட்டி நாளன்று காலையில் தராசில் ஏற வேண்டும். அடுத்த சுற்றுக்குப் போனால் அந்த நாள் காலையிலும் ஏற வேண்டும். உங்கள் பிரிவின் எல்லையைத் தாண்டினால் ஆட்டம் இல்லை. எடைப் பிரிவுகளின் எண்களை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் உங்கள் பிரிவு எது என்பதை அந்தந்தப் போட்டியின் அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும். எடையைக் குறைக்க இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடுவது போன்ற வேலைகளைச் சில பையன்கள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். உடம்பில் நீர் வற்றிய நிலையில் தலையில் அடி வாங்குவது உயிரோடு விளையாடுவது. தொடக்க நிலையில் உடம்பு இயல்பாக எந்த எடையில் நிற்கிறதோ அதிலேயே ஆடலாம்.

அடுத்தது வயது. பிறந்த ஆண்டைக் கணக்கில் வைத்து 13–14, 15–16, 17–18 என்று பிரித்து, 19லிருந்து பெரியவர் பிரிவில் சேர்க்கிறார்கள். அப்புறம் அனுபவம். இந்த மூன்றாவதுதான் தாளில் குறைவாகவும் பயிற்சியாளரின் மனசாட்சியில் அதிகமாகவும் இருக்கிறது. எடையும் வயதும் ஒன்றாக இருந்தாலும், முதல் போட்டிக்கு வந்தவனை நாலைந்து வருடம் ஆடியவனோடு நிறுத்தினால் அது தெருச்சண்டைக்குச் சமானம். நல்ல பயிற்சியாளர் அப்படி ஒரு ஜோடி வந்தால் "என் பையன் ஆடமாட்டான்" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போய்விடுவார். ஊர்ப் பெருமையைப் பார்க்க மாட்டார்.

மற்றவை கைக்கும் இடத்துக்கும் உரியவை. போட்டியில் கிளவுஸ் எடைப் பிரிவைப் பொறுத்து 10 அல்லது 12 அவுன்ஸ், இருவருக்கும் ஒரே அளவு. ரிங் கயிறுகளுக்கு உள்ளே 6.1 மீட்டர் சதுரம், தரையில் மெத்தை விரித்து மேலே கேன்வாஸ் இழுத்துக் கட்டியிருக்கும். அந்தத் தரையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தெருச்சண்டையில் உயிர் போவதற்கு ஒரு முக்கியக் காரணம், அடி வாங்கி மயங்கியவன் பின்மண்டை சிமெண்ட் ரோட்டில் மோதும்படி விழுவது. குத்து செய்யாததைத் தரை செய்துவிடும்.

பெல்ட்டுக்கு மேலே, உடம்பின் முன்பக்கமும் பக்கவாட்டும், முகமும் தலையின் பக்கவாட்டும் மட்டுமே அடிக்கலாம். அதுவும் மூடிய முஷ்டியின் முட்டிப் பகுதியால். பொடனியில் அடிப்பது, முதுகில் அடிப்பது, தலையால் முட்டுவது, பிடித்துக்கொண்டு அடிப்பது, விழுந்தவனை அடிப்பது எல்லாம் தப்பு. நடுவர் எச்சரிப்பார். மூன்றாவது எச்சரிக்கையோடு ஆட்டத்திலிருந்து வெளியே.

நடுவர் பேசுவது மூன்றே சொல்: "பாக்ஸ்" என்றால் ஆடு. "ஸ்டாப்" என்றால் நிறுத்து. "பிரேக்" என்றால் பிரிந்து, இருவரும் ஓரடி பின்னால் வைத்து, பிறகே மறுபடியும் ஆட வேண்டும். சண்டை பழகிவிட்டு வருகிற பையனுக்கு இந்த மூன்றாவது சொல்தான் தொண்டையில் முள். எதிராளி இரண்டு அடி தள்ளிக் கையெட்டும் தூரத்தில் நிற்கிறான், இரத்தம் கொதிக்கிறது, அப்போது தானாகவே ஓரடி பின்னால் போக வேண்டும். தெருவில் அப்படிப் பின்னால் போனவன் பயந்தவன். ரிங்கில் போகாதவன் எச்சரிக்கை வாங்குவான். இந்த ஓரடியைத் தயங்காமல் வைக்கப் பழகிவிட்டால், ஒரு பையன் பாதி குத்துச்சண்டைக்காரன் ஆகிவிட்டான் என்பது என் கருத்து.

கை என்கிற சொத்து

கைக்குள் மணிக்கட்டோடு சேர்த்து 27 எலும்புகள். சுண்டுவிரலுக்கு நேர் கீழே உள்ளங்கைக்குள் ஓடுகிற எலும்பு முட்டிக்குச் சற்றுக் கீழே முறிவதற்கு மருத்துவத்தில் "பாக்ஸர் முறிவு" என்றே பெயர். ஆனால் அது பெரும்பாலும் வருவது பயிற்சி இல்லாமல் வீசி அடிக்கிறவர்களுக்கு, கோபத்தில் சுவரைக் குத்துகிறவர்களுக்கு. கையை வெளியிலிருந்து வளைத்து வீசும்போது சுண்டுவிரல் முட்டிதான் முதலில் போய் மோதும். நேராகக் குத்தினால் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் மோதும். அவை மணிக்கட்டோடு நேர்கோட்டில் இருப்பதால் தாங்கும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சண்டையில் எதிராளியின் பல் பட்டு முட்டியில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்திருந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுப் போகாதீர்கள். வாயிலுள்ள கிருமி மூட்டுக்குள் இறங்கினால் இரண்டே நாளில் விரல் வீங்கி, மடக்க முடியாமல் போய், அறுவைச் சிகிச்சைவரை கொண்டுபோய்விடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பயிற்சியில் கிளவுஸுக்கு முன்னால் வருவது பேண்டேஜ். நாலு மீட்டர் சொச்ச நீளத்தில் பட்டையான துணிச் சுருள், ஒரு முனையில் வளையம், மறுமுனையில் ஒட்டுப்பட்டை. வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, துணியைப் புறங்கை வழியாக இழுத்து, மணிக்கட்டில் மூன்று சுற்று. அங்கிருந்து புறங்கை தாண்டி முட்டிகளின் மேல் மூன்று சுற்று, விரல்களை நன்றாக விரித்துவைத்துக்கொண்டு. மறுபடி மணிக்கட்டுக்கு வந்து, அங்கிருந்து சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே ஒரு முறை, அடுத்த இடைவெளியில் ஒரு முறை, அதற்கடுத்ததில் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும். கட்டைவிரலை ஒரு சுற்று அணைத்து, மிச்சத்தை முட்டியிலும் மணிக்கட்டிலும் சுற்றி ஒட்டிவிடலாம். முஷ்டி பிடித்தால் இறுக வேண்டும், விரித்தால் இரத்தம் ஓட வேண்டும். விரல் நுனி நிறம் மாறினால் அவிழ்த்து மறுபடியும் கட்டுங்கள். முதல் வாரத்தில் இதற்கே கால் மணி நேரம் போகும், போகட்டும். வந்ததும் வராததுமாகத் தொங்கும் குத்துப்பையைக் குத்தத் துடிக்கிற பையன் உட்கார்ந்து பொறுமையாகத் துணி சுற்றுகிறான் என்பதே ஒரு பயிற்சி.

கிளவுஸ் காப்பாற்றுவது கையைத்தான், எதிராளியின் தலையை இல்லை. இதை எல்லாரும் மாற்றிப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் கிளவுஸ் வாங்கி மொட்டை மாடியில் நண்பர்களுக்குள் ஆடிப் பார்ப்பது இப்போது பரவலாகிவிட்டது. வெறுங்கையால் மண்டையில் அடித்தால் அடித்தவனுக்கும் வலிக்கும், அதனால் இரண்டு அடிக்கு மேல் போகாது. கிளவுஸ் மாட்டினால் அந்த வலி இல்லை, முப்பது அடி அடிக்கலாம். நடுவர் இல்லை, பல்லுக்குக் கவசம் இல்லை, கீழே சிமெண்ட் தளம், சுற்றி அரை ஆள் உயரக் கைப்பிடிச்சுவர். நான் தெருச்சண்டையைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். பாதுகாப்பாக இருப்பதுபோல் தோன்றுவதால் வீட்டில்கூட யாரும் தடுப்பதில்லை.

தெரு கற்றுக்கொடுத்ததைக் கழற்றுவது

"அண்ணே, எப்பண்ணே ரிங்குல விடுவீங்க?" என்பது புதிதாக வருகிற பையன்களின் முதல் கேள்வி. ஏற்கெனவே நாலு சண்டை பார்த்தவன் என்றால் அந்தக் கேள்வி இன்னும் சீக்கிரம் வரும். உண்மையில், சண்டையே போடாமல் வருகிறவனுக்குக் கற்றுக்கொடுப்பது எளிது. சண்டை போட்டவனுக்குத் தைரியம் இருக்கும், அது பெரிய மூலதனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற பழக்கங்கள் இருக்கின்றன. அடி வரும்போது கண்ணை மூடுவான். முகவாயைத் தூக்கிக்கொண்டு முறைப்பான். கையைத் தோளுக்குப் பின்னாலிருந்து ஓங்கி வீசுவான், அது கிளம்புவது எதிராளிக்கு அங்கேயே தெரியும். பின்வாங்கும்போது காலைப் பின்னிக்கொள்வான். முக்கியமாக, மூச்சைப் பிடித்துக்கொள்வான்.

இவை ஒவ்வொன்றையும் கழற்றுவதற்குத்தான் முதல் இரண்டு மூன்று மாதம். நிற்பதிலிருந்து ஆரம்பம். வலக்கைக்காரன் என்றால் இடது கால் முன்னே, வலது கால் தோளகலத்துக்குப் பின்னே, பின்குதிகால் சற்றே தூக்கியிருக்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்க வேண்டும். முகவாய் நெஞ்சை நோக்கித் தாழ்ந்து, இரண்டு கையும் கன்னத்தை ஒட்டி, முழங்கை விலாவை மூடியபடி. முன்னே போக முன்கால் முதலில், பின்னே போகப் பின்கால் முதலில். இரண்டு கால்களும் ஒருபோதும் சேரவோ குறுக்கிடவோ கூடாது. இதை மட்டும் ஒரு மணி நேரம் செய்யச் சொன்னால் சிலர் மறுநாள் வருவதில்லை. வருகிறவர்களுக்கு அடுத்தது ஜாப்.

ஜாப் என்பது முன்கையால் நேராகப் போடும் குத்து. தெருவில் யாரும் இதைப் போடுவதில்லை, ஏனென்றால் இதில் ஆள் விழுவது அபூர்வம். ஆனால் ரிங்கில் எல்லாமே இதை வைத்துத்தான். கன்னத்திலிருந்து கிளம்பி, போகிற போக்கில் முஷ்டி திரும்பி உள்ளங்கை கீழே பார்த்து, பட்டதும் போன வழியிலேயே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். போகும்போது தோள் எழும்பி முகவாயை மறைக்கும். அந்தச் சமயம் வலது கை கன்னத்தை விட்டு ஒரு அங்குலம் நகரக் கூடாது. மூக்கு வழியாகச் சுருக்கென்று மூச்சு வெளியேற வேண்டும், பயிற்சிக்கூடத்தில் கேட்கிற 'ஸ்ஸ், ஸ்ஸ்' சத்தம் அதுதான். தூரத்தை அளப்பதும், எதிராளியின் கண்ணை மறைப்பதும், அவன் கிளம்புவதைக் கெடுப்பதும், புள்ளி எடுப்பதும் ஜாப். இதற்குப் பின்னால்தான் பின்கையால் நேராகப் போடும் கிராஸ், பிறகு பக்கவாட்டில் வளைத்துப் போடும் ஹூக், கீழிருந்து மேலே போகும் அப்பர்கட். குத்தின் பலம் தோளில் இல்லை, பின்காலின் முன்பாதம் தரையைத் திருகித் தள்ளுவதில் இருக்கிறது. அது இடுப்பு வழியாக மேலே ஏறிக் கைக்கு வருகிறது. கபடி ஆடிய பையன்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், கால் வேலை அவர்களுக்கு ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது.

ஸ்கிப்பிங், ஓட்டம், காற்றில் குத்தும் ஷேடோ, பை, குத்து வாங்குவதற்காகப் பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேட் என்று மற்றவை வரிசையாக வரும். அவை எந்த வீடியோவிலும் இருக்கின்றன, அதனால் விரிக்கவில்லை.

ஸ்பாரிங்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எதிரே ஆள் நிற்க ஆடிப் பழகுவதுதான் ஸ்பாரிங். 14 அல்லது 16 அவுன்ஸ் பெரிய கிளவுஸ், தலைக்கவசம், வாய்க்கவசம், இடுப்புக்குக் கீழ்க் கவசம் எல்லாம் வேண்டும். வாய்க்கவசத்தைச் சிவப்பு நிறத்தில் வாங்காதீர்கள். வாயில் இரத்தம் வந்தால் தெரியாது என்பதால் போட்டியில் அனுமதி இல்லை. ஆரம்பத்தில் நிபந்தனையோடுதான் ஆடவிடுவார்கள். ஒருவன் ஜாப் மட்டும் போட வேண்டும், இன்னொருவன் தடுக்க மட்டும் வேண்டும். அல்லது உடம்பில் மட்டும் அடிக்கலாம், முகத்தில் கிடையாது.

முகத்துக்கும் அனுமதி கிடைக்கிற முதல் நாளில் சண்டைப் பழக்கம் உள்ள பையனுக்கு நடப்பது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். மணி அடித்ததும் பாய்வான். எதிரே நிற்கிற சீனியர், பெரும்பாலும் அவனைவிட ஒல்லியாக இருப்பான், ஒரு ஜாப் போட்டுவிட்டு அரை அடி பக்கவாட்டில் விலகுவான். வீசிய கை காற்றில் போகும். மறுபடி பாய்ச்சல், மறுபடி ஜாப். மூக்கில் இரண்டு மூன்று பட்டதும் பையனுக்குக் கண்ணில் நீர் முட்டும், அது அழுகை இல்லை, மூக்கில் பட்டால் எல்லாருக்கும் வரும். ஆனால் அவனுக்கு அவமானமாக இருக்கும், இன்னும் வேகமாக வீசுவான். ஒரு நிமிடம் ஆவதற்குள் கை தானாக இடுப்புக்கு இறங்கிவிடும், வாய் திறந்துவிடும். அப்போது கயிற்றுக்கு வெளியே இருந்து பயிற்சியாளர் சொல்வது "அடி" என்று இல்லை, "மூச்சை விடுப்பா, மூச்சை விடு" என்றுதான். அந்தச் சீனியர் நினைத்தால் அங்கேயே படுக்கவைக்கலாம். அவன் அப்படிச் செய்வதில்லை, தொட்டுத் தொட்டு விலகுகிறான். பயிற்சிக்கூடத்தின் ஒழுக்கம் என்பது இதுதான். எந்தக் கூடத்தில் புதியவனைச் சீனியர் அடித்துத் துவைப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ, அங்கே மறுநாள் போக வேண்டியதில்லை.

அடிபட்டும் கோபப்படாமல் யோசிப்பதுதான் இங்கே கற்றுக்கொள்கிற கடினமான வித்தை. கோபம் வந்த உடம்பு இறுகும், இறுகிய தோளிலிருந்து கிளம்பும் குத்து மெதுவாகப் போகும், மூச்சும் சீக்கிரம் தீரும். கோபத்தைக் குறைத்தால் நல்ல பிள்ளை ஆகலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கோபப்பட்டால் தோற்றுவிடுவீர்கள், அதனால் சொல்கிறேன்.

புள்ளி யாருக்கு

ஐந்து நீதிபதிகள் ரிங்கைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நன்றாக ஆடியவருக்கு 10, மற்றவருக்கு 9, ஒருதலையாக இருந்தால் 8, மிக மோசம் என்றால் 7. இலக்கில் விழுந்த தரமான குத்துகள் எத்தனை, ஆட்டத்தின் போக்கைத் தன் கையில் வைத்திருந்தது யார், கடைசிவரை போட்டியிட்டது யார் என்பவற்றைப் பார்ப்பார்கள். எதிராளி விழுந்தால் நடுவர் எட்டு எண்ணுவார், அதற்கு முன் ஆட்டம் தொடராது. ஆனால் விழவைத்ததற்காகத் தானாகக் கூடுதல் புள்ளி சேராது. பத்துத் துல்லியமான ஜாப் போட்டவன், ஒரே ஒரு பலத்த அடி அடித்தவனை அந்தச் சுற்றில் ஜெயிக்கலாம். கூட்டத்தில் இருக்கிற சித்தப்பாக்களுக்கு இது பிடிபடாமல் "நம்ம பய தான்யா ஜெயிச்சான்" என்று கத்துவார்கள். ஒருவர் தாங்க முடியாமல் அடி வாங்குகிறார் என்று பட்டால், நின்றுகொண்டிருந்தாலும் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடலாம். மூலையில் இருக்கும் பயிற்சியாளரும் துண்டை எறிந்து நிறுத்தலாம். அப்படி நிறுத்தியதற்காகப் பயிற்சியாளரைத் திட்டும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தலையைப் பற்றி மறைக்காமல்

இந்த விளையாட்டில் தலையில் அடிபடும். திரும்பத் திரும்ப அடிபட்டால் மூளைக்குக் கெடுதல், இதில் இரண்டு கருத்து இல்லை. தலைக்கவசம் வெட்டுக் காயத்தைக் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. பெரியவர் பிரிவில் ஆண்களுக்கு 2013இல் தலைக்கவசத்தை எடுத்தே விட்டார்கள், பெண்களும் சிறுவர்களும் அணிகிறார்கள். எனவே பாதுகாப்பு என்பது கவசத்தைவிட அதிகமாக விதியிலும் நேர்மையிலும் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கும் கூடாது, போட்டியும் கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை என்றால் 90 நாள். ஓராண்டுக்குள் மூன்று முறை என்றால் ஓராண்டு.

பயிற்சிக்கும் போட்டிக்கும் பிறகு தலைவலி நிற்கவில்லை, வாந்தி வருகிறது, வெளிச்சம் கூசுகிறது, காலையில் நடந்தது நினைவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் வீட்டில் மறைக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். வாரத்தில் பல நாள் முழுவேக ஸ்பாரிங் வைக்கும் கூடங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சியின் பெரும்பகுதி பையிலும் பேடிலும் கால் வேலையிலும் கழிய வேண்டும். போட்டியே வேண்டாம், பயிற்சி மட்டும் போதும் என்று வருடக்கணக்கில் வருகிறவர்களும் உண்டு. அதுவும் முழுமையான குத்துச்சண்டைதான்.

பழைய கணக்கு

ரிங்குக்கு வந்துவிட்டால் தெரு விட்டுவிடும் என்று சொல்ல முடியாது. பயிற்சிக்குப் போகிறான் என்று தெரிந்ததும் "பெரிய பாக்ஸராமே, வா பார்ப்போம்" என்று வம்புக்கு இழுப்பார்கள். பழைய பகையும் இருக்கும். பயிற்சிக்கூடங்களில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வெளியே கை நீட்டினால் உள்ளே இடமில்லை. அரசின் சட்டமும் கடுமையானது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், எலும்போ பல்லோ முறிந்தாலே அது கொடுங்காயம், தண்டனை ஏழு ஆண்டுவரை போகலாம். ஒரு பல் என்பது நேரான ஒரே ஒரு குத்து. நம் பக்கத்துப் பையன்களில் எத்தனையோ பேர் போலீஸ், ராணுவம் என்று விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பெயரில் ஒரு வழக்கு இருந்தால் நன்னடத்தை விசாரணையில் அந்த ஓட்டமெல்லாம் வீணாகும். அதே பையனுக்குக் கையில் ஒரு மாநிலப் பதக்கம் இருந்தால் விளையாட்டு இட ஒதுக்கீடு என்று ஒரு கதவு இருக்கிறது. ராணுவம், ரயில்வே, காவல்துறை அணிகளெல்லாம் குத்துச்சண்டை வீரர்களைத் தேடி எடுப்பவை.

எங்கே, எப்படிச் சேர்வது

செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் என்றால் சிவகங்கை, மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்க ஊர்கள் என்றால் புதுக்கோட்டை. உங்கள் மாவட்டத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு அலுவலர் இருப்பார். பதிவு பெற்ற மாவட்டக் குத்துச்சண்டைச் சங்கம் எது, யார் பயிற்சி தருகிறார்கள் என்பதை முதலில் அங்கே கேளுங்கள். மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு என்று ஒரு சங்கிலி இருக்கிறது. அந்தச் சங்கிலியில் இல்லாத போட்டியில் வாங்கும் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும். கல்லூரி மாணவர் என்றால் உடற்கல்வி இயக்குநரைக் கேளுங்கள், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான குத்துச்சண்டைப் போட்டிகள் உண்டு. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. குத்துச்சண்டைக்கான பயிற்சியாளர் யார் என்ற விவரத்தை அங்குள்ளவர்களிடம் விசாரிப்பதும் வீண்போகாது.

பயிற்சியாளரைப் பார்க்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சி பெற்றவரா? நம் ஊரில் சுருக்கமாக "என்.ஐ.எஸ். கோச்" என்பார்கள். அப்படி இல்லாவிட்டாலும் தானே ஆடியவரா, யாரிடம் கற்றார்? முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது? எத்தனை மாதம் கழித்து ஸ்பாரிங்? "நாளைக்கே ஏத்திவிடுறேன்" என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முதல் போட்டிக்கு ஆறு மாதமாவது ஆக வேண்டும், எட்டு மாதம் ஆனாலும் தாழ்வில்லை.

பெண் பிள்ளைகளை அழைத்து வரும் அம்மாக்கள் இப்போது கூடிவருகிறார்கள், அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நிகத் ஜரீன் 2022லும் 2023லும் உலகச் சாம்பியன் ஆனதெல்லாம் அவர்கள் காதுக்கும் எட்டியிருக்கிறது. அவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. உடை மாற்றத் தனி அறை இருக்கிறதா, வேறு பெண்கள் வருகிறார்களா, வெளியூர்ப் போட்டிக்குக் கூட யார் வருவார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

முதல் நாளுக்குக் கிளவுஸ் வேண்டாம். அடி தட்டையான ஷூ, ஒரு ஜோடி பேண்டேஜ், துண்டு, தண்ணீர் பாட்டில் போதும். பேண்டேஜ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வாய்க்கவசத்தை ஸ்பாரிங் வரும்போது வாங்கிக்கொள்ளலாம். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், மோதிரம், காப்பு, கழுத்துச் செயின் எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிடுங்கள். காலைப் பயிற்சி என்றால் வெறும் வயிற்றில் வர வேண்டாம், அரை மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் சரி. வலிப்பு, இதயக் கோளாறு, கண்ணில் அறுவைச் சிகிச்சை, எப்போதோ மண்டையில் பட்ட பலத்த அடி என்று எது இருந்தாலும் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் வீட்டிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வர வேண்டும். பிறப்புச் சான்றிதழ் நகலும் ஆதார் நகலும் கையோடு இருந்தால் பதிவு வேலை அன்றைக்கே தொடங்கிவிடும்.